படத்தில் வந்த தீவும் படத்தில் வராத ஊரும்

இந்தோனேசியா என்றதும் நம்மில் பலருக்கு ஜாவாவும் சுமாத்ராவும் நினைவுக்கு வரும். ஹஜ்ஜுக்குச் சென்று வந்தவர்களுக்கு, ஒரே நிற உடையில் ஒருவர் பின் ஒருவராக ஒழுங்கு குலையாமல் செல்லும் இந்தோனேசிய ஹாஜிகள் நினைவுக்கு வருவர். நான் இங்கு உங்களை அழைத்துச் செல்லப் போவது அந்நாட்டின் பெரிய நகரங்களுக்கன்று. பாலித் தீவைக் கடந்து, லொம்பொக்கைக் கடந்து, சும்பாவாவையும் கடந்து கிழக்கே சென்றால் புளோரெஸ் என்றொரு நீண்ட தீவு இருக்கின்றது. சும்பாவாவுக்கும் புளோரெஸுக்கும் இடைப்பட்ட கடலில் சிதறிக் கிடக்கும் சிறு தீவுகளுள் ஒன்றுதான் கொமோடோ.

இத்தீவை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். தொலைக்காட்சியில் விலங்குகள் பற்றிய படங்கள் காட்டப்படும்போது நம் பிள்ளைகள் சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே கண்கொட்டாமல் பார்ப்பார்களே, அப்படங்களில் அடிக்கடி வரும் இராட்சத உடும்பின் தாயகம் இதுவே. காய்ந்த புல்வெளி, நடுவே தனித்தனியே நிற்கும் பனைகள், பின்னணியில் நீலக்கடல், பிளவுண்ட மஞ்சள் நாக்கை நீட்டி நீட்டி நடந்து வரும் பத்தடி நீளப் பிராணி. அந்தக் காட்சியில் மனிதன் எவனும் இரான். மனிதன் காலடி படாத ஆதி உலகம் ஒன்றைப் பார்ப்பதாகவே நாம் எண்ணிக்கொள்வோம். ஆனால் அதே தீவில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வாழும் ஓர் ஊர் இருக்கின்றது. அவ்வூரில் பள்ளிவாசலும் பாடசாலையும் இருக்கின்றன. கொமோடோவைப் பற்றி நான் எழுத விரும்பியதற்கு உடும்பு பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் இந்த ஊர்.

முதலில் வழியைச் சொல்கிறேன். புளோரெஸின் மேற்கு முனையில் லாபுவான் பாஜோ என்ற துறைமுகப் பட்டினம் இருக்கின்றது. பாலியிலிருந்து அங்கு விமானம் செல்கின்றது. பட்டினத்தின் பெயரிலுள்ள பாஜோ என்பது கடலையே வீடாகக் கொண்டு வாழ்ந்த ஒரு மீனவ இனத்தாரின் பெயர். அங்கிருந்து மரப்படகில் ஏறினால் ரிஞ்சா என்ற தீவு முதலில் வரும்; கொமோடோ அதற்கும் அப்பால். சாதாரண மோட்டார்ப் படகில் மூன்று நான்கு மணித்தியாலங்கள் பிடிக்கும். வடக்கே புளோரெஸ் கடலும் தெற்கே இந்து சமுத்திரமும் இத்தீவுகளுக்கிடையிலுள்ள ஒடுங்கிய நீரிணைகள் வழியாக மாறி மாறிப் பாய்வதால் நீரோட்டம் மிகக் கடுமையானது. மேலே பார்த்தால் அமைதியாக இருக்கும் கடல், ஓரிடத்தில் திடீரெனச் சுழித்துக் கொதிப்பதைப் போலிருக்கும். இந்த நீரோட்டந்தான் வெளியாரை நெடுங்காலம் இத்தீவுகளிலிருந்து தூர வைத்திருந்தது எனலாம்.

இந்தோனேசியா என்றால் எங்கும் பசுமை என்று நினைத்துச் செல்பவர் இங்கே ஏமாந்து போவார். அந்நாட்டிலேயே மழை மிகக் குறைந்த பகுதிகளுள் இதுவும் ஒன்று. மார்கழி, தை, மாசியில் பெய்யும் மழையில் குன்றுகள் சில வாரங்கள் பச்சை பூசிக்கொள்ளும். பிறகு ஆண்டின் பெரும்பகுதி வெயில்தான். புல் வைக்கோல் நிறமாகிவிடும். மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ வாழ்ந்தவருக்கு இத்தீவு அந்நியமாகத் தோன்றாது. ஏனென்றால் படங்களில் அந்த உடும்பின் பின்னால் நிற்கும் பனை, நம் வடபுலத்துப் பனையேதான். ஒரே இனம், ஒரே மரம். அங்கே அதை லொந்தார் என்பர். அதன் ஓலையில் நம் முன்னோர் ஏடு எழுதியதைப்போலவே அந்நாட்டின் பாலியிலும் எழுதினர். கரையோரத்துக் காட்டில் புளியமரங்களும் நிற்கின்றன. உச்சி வெயிலில் உடும்புகள் படுத்துக் கிடப்பது அந்தப் புளியமர நிழலில்தான்.

தேசியப் பூங்காவின் நுழைவிடம் கொமோடோவில் லோ லியாங், ரிஞ்சாவில் லோ புவாயா. லோ என்றால் குடா. புவாயா என்றால் முதலை. படகிலிருந்து இறங்கியதும் வனக் காவலர் ஒருவர் உங்களோடு வருவார். அவர் கையில் துப்பாக்கியை எதிர்பார்க்காதீர்கள். ஆளுயரமான கவைக்கம்பு ஒன்றுதான் இருக்கும். உடும்பு கிட்ட வந்தால் அந்தக் கவையை அதன் கழுத்தில் வைத்துத் தள்ளிவிடுவார். ரிஞ்சாவில் காவலர்களின் குசினி தூண்கள் மேல் உயர்த்திக் கட்டப்பட்டிருந்தது. குழம்பு மணத்துக்கு வந்த உடும்புகள் அதன் கீழே நிழலில் நாள் முழுவதும் படுத்துக் கிடக்கும். உலகத்தின் நாலா பக்கங்களிலிருந்தும் பெருஞ்செலவில் வந்த பயணிகள் பலர் படமெடுத்துச் சென்ற ‘காட்டு விலங்கு’, உண்மையில் இந்தக் குசினிக்குக் கீழே கிடந்ததுதான்!

இனி அந்தப் பிராணியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நம் நாட்டில் உடும்பும் கபரகொய்யாவும் உண்டல்லவா? கொமோடோவின் பிராணி அவற்றின் நெருங்கிய உறவினன். பெரிய ஆண் மூன்று மீற்றர் வரை வளரும்; எழுபது கிலோவுக்கு மேலும் நிறுக்கும். உலகின் மிகப் பெரிய பல்லியினம் இதுவே. எடையில் இதற்கு அடுத்தபடியாக வருவது நம் ஓடைகளில் நீந்தித் திரியும் கபரகொய்யா என்பது பலருக்குத் தெரியாது. விஞ்ஞானிகள் இக்குடும்பத்துக்கு இட்ட ‘வரானஸ்’ என்ற பெயர் ‘வரல்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. இவ்விடத்தில் ஆசிரியத் தொழில் செய்பவனின் பழக்கத்தில் ஒரு சிறு விளக்கம்: ஹதீஸ் மொழிபெயர்ப்புகளில் ‘உடும்பு’ என்று நாம் வாசிப்பது அரபியில் ‘ளப்பு’ என்ற வேறொரு பாலைவனப் பிராணி. அது முள்வால் கொண்டது, பெரும்பாலும் தாவரங்களைத் தின்பது. தமிழில் அதற்குத் தனிப் பெயர் இல்லாமையால் உடும்பு என்றே எழுதி வந்திருக்கின்றோம். இறைச்சி தின்னும் நம் உடும்பும் கொமோடோவின் இராட்சதனும் அரபுக்காரனுக்கு ‘வரல்’தான்.

அதன் கடி பற்றிய கதை நீண்டகாலம் பிழையாகவே சொல்லப்பட்டு வந்தது. அழுகிய இறைச்சியைத் தின்பதால் வாயில் கிருமிகள் பெருகி, கடிபட்ட மிருகம் கிருமியால் மடிகின்றது என்று பாடநூல்கள் கூறின. 2009 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, அதன் கீழ்த்தாடையில் நஞ்சுச் சுரப்பிகள் இருப்பதை எடுத்துக்காட்டியது. அந்நஞ்சு குருதி உறைவதைத் தடுக்கின்றது. குருதி அமுக்கத்தைக் குறைக்கின்றது. ஆனாலும் வாள்போன்ற பற்களால் உண்டாகும் காயமே பெரிய ஆபத்து. 2024 இல் அப்பற்களின் விளிம்பில் இரும்பு படிந்திருப்பதும் கண்டறியப்பட்டது.

பெண் உடும்பு ஏறத்தாழ இருபது முட்டைகள் இடும். மண்ணையும் சருகையும் குவித்து மேடு கட்டும் ஒருவகைக் காட்டுப் பறவையின் கைவிடப்பட்ட மேட்டைத் தோண்டி அதற்குள் இடுவதும் உண்டு. ஏழெட்டு மாதங்களில் குஞ்சுகள் வெளிவந்ததும் முதல் வேலையாக மரத்தில் ஏறிவிடுகின்றன. சில ஆண்டுகள் மரவாசந்தான். கீழே இறங்கினால் தின்பதற்குக் காத்திருப்பது சொந்த இனத்தின் பெரியவர்களே.

இத்தீவில் கமெரா வந்த கதை சுவையானது. 1910 இல் ஒரு டச்சு அதிகாரி இப்பிராணியின் தோலையும் படமொன்றையும் ஜாவாவுக்கு அனுப்பினார். அதைக் கொண்டு பீட்டர் ஒவென்ஸ் என்ற அருங்காட்சியக அதிபர் 1912 இல் விஞ்ஞான உலகுக்கு அதனை அறிமுகப்படுத்தினார். 1926 இல் டக்ளஸ் பேர்டன் என்ற அமெரிக்கச் செல்வந்தர் ஒரு குழுவோடு வந்து படம் பிடித்தார். பன்னிரண்டு உடும்புகளைக் கொன்று எடுத்துச் சென்றார். இரண்டை உயிரோடு நியூயோர்க் மிருகக்காட்சிசாலைக்குக் கொண்டு போனார். அவை அங்கு நெடுநாள் வாழவில்லை. அவர் சொன்ன கதையில் தூண்டப்பெற்ற அவரது நண்பர் மேரியன் கூப்பர் எடுத்ததுதான் 1933 இல் வெளிவந்த ‘கிங் கொங்’ என்ற ஹொலிவூட் படம். தீவில் கண்ட உடும்பு படத்தில் மனிதக் குரங்காகிவிட்டது!

முப்பது ஆண்டுகளின் பின்னர் 1956 இல் பீ.பீ.சி. நிறுவனத்தின் இளைஞர் ஒருவர் வந்தார். அவர் பெயர் டேவிட் அட்டன்பரோ. உடன் வந்தவர் சார்ள்ஸ் லேகஸ் என்ற படப்பிடிப்பாளர். புளோரெஸில் படகொன்றை அமர்த்திக்கொண்டு, வழி சரியாகத் தெரியாத படகோட்டியோடு, காற்றில்லாக் கடலில் அலைக்கழிந்து கொமோடோவை அடைந்தனர். ஊரவரின் உதவியோடு ஆட்டிறைச்சியை இரையாக வைத்து உடும்பைப் படமெடுத்தனர், கூண்டிலும் பிடித்தனர். ஆனால் நாட்டை விட்டு வெளியே கொண்டு செல்ல இந்தோனேசிய அரசு அனுமதி வழங்கவில்லை. அது சரியான முடிவு என்பதே என் எண்ணம். அந்தத் தொடரில் ஊரவரும் வந்தார்கள், படகோட்டியும் வந்தான், ஆட்டிறைச்சியும் வந்தது. எப்படி எடுத்தோம் என்பதே அங்கு கதையாக இருந்தது.

பின்னர் வந்த படங்கள் அப்படியல்ல. 2009 இல் ஒளிபரப்பான ‘லைஃப்’ தொடரில், காய்ந்துபோன குட்டையொன்றில் எருமையைக் கடித்துவிட்டு, அது சாகும்வரை மூன்று வாரங்களாகச் சுற்றியிருந்த உடும்புகளைக் காட்டினர். 2016 இல் வந்த ‘பிளனற் ஏர்த்’ இரண்டாம் தொடரில் இரண்டு ஆண் உடும்புகள் பின்னங்கால்களில் எழுந்து நின்று மல்லுக்கட்டுவதைக் காட்டினர். படப்பிடிப்பின் நேர்த்தியைப் பற்றி இரண்டாம் பேச்சில்லை. ஆனால் எருமைக் காட்சியைப் பார்க்கும் எவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: இந்தத் தீவுக்கு எருமை எப்படி வந்தது? மனிதன் கொண்டு வந்து விட்டதுதான். உடும்பின் அன்றாட உணவான மானைக்கூட முற்காலத்தில் மனிதரே கடல் கடந்து கொண்டு வந்தனர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆக, ‘மனிதன் தீண்டாத இயற்கை’ என்று நமக்குக் காட்டப்படும் காட்சியில் தின்பது மட்டுமே காட்டுப் பிராணி. தின்னப்படுவது மனிதனின் கைப்பொருள்.

அந்த மனிதர்கள் யார்? கொமோடோவும் மேற்குப் புளோரெஸும் முற்காலத்தில் சும்பாவாவிலிருந்த பீமா சுல்தான்களின் ஆட்சிக்குட்பட்டிருந்தன. பீமாவிலிருந்து தண்டனை பெற்றோர் இத்தீவுக்கு அனுப்பப்பட்டனர் என்பர். அவர்களோடு சுலாவேசியிலிருந்து வந்த பூகிஸ் மக்களும், பாஜோக்களும், பிறரும் கலந்து உருவானதே இன்றைய ஊர். அவர்களுக்கென ஒரு தனி மொழியும் உண்டு. யிலிஸ் வெர்ஹெய்யென் என்ற டச்சுப் பாதிரியார் அத்தீவு, அதன் மக்கள், மொழி ஆகியவை பற்றி 1982 இல் ஒரு நூல் வெளியிட்டார். அதே கடற்பரப்பின் அரச குடும்பங்களுக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு இருப்பதையும் இங்கு சொல்லிவிடுகிறேன். சுலாவேசியின் கோவா அரசர் சுல்தான் பக்ருத்தீனை டச்சுக்காரர் 1767 இல் நாடு கடத்தியது இலங்கைக்குத்தான். பீமா சுல்தான் குற்றவாளிகளைக் கொமோடோவுக்கு அனுப்பினார்; டச்சுக்காரன் சுல்தான்களை இலங்கைக்கு அனுப்பினான். நம்மிடையே வாழும் மலாய்ச் சகோதரர்கள் பலரின் மூதாதையர் இப்படி வந்தவர்களே.

ஊரவர் அந்த உடும்பை ‘ஓரா’ என்று அழைக்கின்றனர். அவர்களிடையே ஒரு பழங்கதை வழங்குகின்றது. முன்னொரு காலத்தில் ஓர் இளவரசி இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றாளாம். ஒன்று ஆண்மகன், மற்றது ஓரா. இருவரும் பிரிந்து வளர்ந்தனர். பையன் வாலிபனாகி வேட்டைக்குப் போன ஒருநாள், அவன் எய்த மானைத் தின்ன ஒரு பெரிய ஓரா வந்தது. அவன் ஈட்டியை ஓங்கியபோது தாய் தோன்றி, ‘அது உன் உடன்பிறப்பு’ என்று தடுத்தாளாம். கதை கதைதான், அதை யாரும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் அதன் பயனைப் பாருங்கள். வேட்டையாடிய மானில் ஒரு பங்கை ஓராவுக்கு விட்டுவருவது ஊர் வழக்கமாயிற்று. ஓராவைக் கொல்வது ஊரில் பழியாயிற்று. பீமா சுல்தான் 1915 இல் அதனைக் காக்க ஆணை பிறப்பித்தார். வேறெங்கும் அழிந்துபோயிருக்கக்கூடிய ஒரு பிராணி, மனிதர் குடியிருக்கும் தீவில் பிழைத்திருந்ததில் இவ்வழக்கத்துக்குப் பங்கில்லை என்று எவரால் சொல்ல முடியும்?

1980 இல் கொமோடோ, பாடார், ரிஞ்சா ஆகிய மூன்று பெருந்தீவுகளையும் இருபத்தாறு சிறு தீவுகளையும் சேர்த்துத் தேசியப் பூங்கா ஆக்கினர். 1991 இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமையாக்கியது. மொத்தப் பரப்பு 1733 சதுர கிலோமீற்றர். அதில் பெரும்பகுதி கடல். அன்றிலிருந்து மான் வேட்டை தடை; தோட்டம் செய்த காணிகளை ஊரவர் கைவிட வேண்டியதாயிற்று. நாய் வளர்ப்பதும் தடை. சுற்றுலாப் பயணிகளுக்காக ஆட்டை அறுத்து உடும்புக்குப் போடும் காட்சியொன்று முன்னர் நடந்து வந்தது; 1990களில் அதுவும் நிறுத்தப்பட்டது. நிறுத்தியது நல்லதே. ஆனால் 2007 இல் ஊரைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் உடும்பு கடித்து இறந்தபோது, பங்கு கொடுக்கும் வழக்கம் நின்றதால் ஓராக்கள் பசித்து ஊருக்குள் வருகின்றன என்று ஊரவர் சிலர் கூறினர். விஞ்ஞானிகள் அதை ஏற்கவில்லை. 2009 இல் பழம் பறிக்கச் சென்ற மீனவர் ஒருவரும் கடிபட்டு இறந்தார். அப்படியிருந்தும் ஓராவைத் தீர்த்துக்கட்ட வேண்டுமென்று ஊர் கிளம்பவில்லை.

இந்த மக்களைத்தான் 2019 இல் தீவை விட்டு வெளியேற்ற வேண்டுமென்று பேச்சு எழுந்தது. அவ்வாண்டு மார்ச் மாதம், 41 கொமோடோ உடும்புகள் கடத்தப்பட்டிருந்ததாகப் பொலிஸார் அறிவித்தனர். பின்னர் அவை பூங்காவிலிருந்தன்று, புளோரெஸிலிருந்து பிடிக்கப்பட்டவை என்று கூறப்பட்டது. அதற்குள் மாகாண ஆளுநர், 2020 ஜனவரி முதல் ஓராண்டு காலம் தீவை மூடப்போவதாகவும் ஊரவரை வேறிடத்துக்கு மாற்றப்போவதாகவும் அறிவித்துவிட்டார். ஊர் திரண்டு எதிர்த்தது. காணியையும் வேட்டையையும் பூங்காவுக்காக விட்டுக்கொடுத்தவர்களுக்கு இப்போது குடியிருக்கும் வீடும் இல்லையா என்பது அவர்கள் கேள்வி. அவ்வாண்டு இறுதிக்கு முன்னரே மத்திய அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. காடா ஊரா என்ற வழக்கு நம் நாட்டு வாசகருக்குப் புதிதன்று. ஆகையால் இதை நான் விரித்துரைக்கத் தேவையில்லை.

ஆனால் கதை அத்தோடு நிற்கவில்லை. 2020 ஒக்டோபரில் ரிஞ்சாத் தீவிலிருந்து ஒரு படம் உலகெங்கும் பரவியது. கட்டடப் பொருள் ஏற்றிய லொறியொன்றின் எதிரே ஓர் உடும்பு நிற்கின்றது. லோ புவாயாவில் பெருந்தொகையான பயணிகளுக்காகக் கட்டப்பட்ட கட்டடங்களின் வேலை அது. 2021 இல் யுனெஸ்கோவின் குழு வேலையை நிறுத்துமாறு கேட்டது, அரசு தொடர்ந்தது. 2022 ஜூலையில் ஜனாதிபதி ஜோகோ விடோடோ அதைத் திறந்து வைத்தார். அதே ஆண்டு நுழைவுக் கட்டணத்தைத் தலைக்கு 37 இலட்சத்து 50 ஆயிரம் ரூபியாவாக உயர்த்த முற்பட்டபோது லாபுவான் பாஜோவின் படகுக்காரரும் கடைக்காரரும் வேலைநிறுத்தம் செய்தனர். அத்திட்டமும் கைவிடப்பட்டது. மீனவன் வேலியெடுத்தால் பூங்காவுக்குக் கேடு, கொங்கிறீற் கலவை இயந்திரம் வந்தால் பூங்காவுக்கு அபிவிருத்தி என்ற கணக்கு எனக்கு இன்னும் விளங்கவில்லை.

உடும்புகளின் எண்ணிக்கை இன்று மூவாயிரத்துக்குச் சற்று அதிகம். 2021 செப்டெம்பரில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை ‘அழியும் ஆபத்திலுள்ள’ இனமாக மாற்றி அறிவித்தது. அதற்கு ஒன்றியம் எடுத்துக்காட்டிய பெருங்காரணம் கொமோடோ ஊரவரல்லர். வெப்பமடையும் பூமியும் உயரும் கடல் மட்டமுந்தான். அடுத்த 45 ஆண்டுகளில் அதன் வாழிடத்தில் முப்பது வீதமாவது குறையும் என்பது கணிப்பு. உடும்பு வாழ்வது தாழ்வான பள்ளத்தாக்குகளிலும் கரையோரக் காட்டிலும். ஊர் இருப்பதும் கரையில்தான். கடல் ஏறினால் இருவருக்கும் ஒரே நேரத்தில்தான் நனையும்.

நீங்கள் அங்கு செல்வதாயின் வைகாசி முதல் ஆவணி வரை செல்லுங்கள்; கடலும் ஓரளவு அடங்கியிருக்கும், புல்லும் முற்றாகக் கருகியிராது. பாடார்த் தீவின் குன்றில் ஏறினால் மூன்று குடாக்கள் ஒன்றாகத் தெரியும். 2016 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஐம்பதாயிரம் ரூபியா நோட்டிலும் இப்பூங்காவின் காட்சியே இருக்கின்றது. இளஞ்சிவப்பு மணல் கொண்ட கடற்கரையையும் படகோட்டிகள் காட்டுவர். கடலில் வாழும் நுண்ணுயிர் ஒன்றின் செந்நிற ஓடுகள் வெள்ளை மணலோடு கலந்து தரும் நிறம் அது. பெரும்பாலான படகுகள் இவற்றோடு திரும்பிவிடுகின்றன. கம்போங் கொமோடோ என்னும் அவ்வூருக்கும் கொண்டு போகுமாறு படகோட்டியிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். லோ லியாங்கிலிருந்து அது அதிக தூரமில்லை. மரத்தூண்கள் மேல் உயர்த்திக் கட்டிய பலகை வீடுகளின் கீழே வலை காயும், மீன் காயும், பிள்ளைகள் விளையாடுவர். முன்பு மீன் ஒன்றையே நம்பியிருந்தவர்களில் பலர் இன்று மரத்தில் ஓரா செதுக்கி விற்கின்றனர். ஊரின் பிள்ளைகள் சிலர் வளர்ந்து, கவைக்கம்போடு பயணிகளுக்கு வழிகாட்டும் வேலையில் இருக்கின்றனர். செதுக்கிய ஓராவை லாபுவான் பாஜோவிலும் வாங்கலாம். ஆனால் ஊரில் வாங்கினால் பணம் செதுக்கியவன் கைக்கே போய்ச் சேரும்.